கொழும்பின் ஈரக்காற்றில் வீட்டு விதையை அடுத்த போகம்வரை வைத்திருப்பது எப்படி?

வெள்ளவத்தை மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். 2022 ஆம் ஆண்டில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையில் விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன அந்த நெருக்கடிக் காலத்தில்தான், மொட்டைமாடியில் பழைய பெயின்ற் வாளிகளிலும் அரிசிச் சாக்குகளிலும் மண் நிரப்பிப் பயிரிடத் தொடங்கினேன். நெருக்கடி தணிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. பச்சை மிளகாய், காரம் குறைந்த கறிமிளகாய், தக்காளி, பயிற்றங்காய், பாகல், பசளி ஆகியவை இப்போது எங்கள் சமையலில் ஒரு பங்கைத் தீர்க்கின்றன.

என்னுடைய சிக்கல் விதையில் இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் விதைப் பொதி வாங்கினால், இரண்டு வாளி மிளகாய்க்குச் செலவிடும் பணத்தில் சந்தையில் மிளகாயையே வாங்கிவிடலாம் என்று என் கணவர் கணக்குப் பார்த்துச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே சென்ற ஆண்டு முதல் என் செடிகளிலிருந்தே விதை எடுத்து, பத்திரிகைத்தாளில் பரப்பி, பல்கனியில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, பிஸ்கட் தகரத்தில் போட்டு அலுமாரிக்குள் வைத்தேன். ஐந்து மாதம் கழித்துத் திறந்தபோது மிளகாய் விதை மங்கிய பழுப்பு நிறமாகி ஒருவித பூஞ்சண வாடை அடித்தது. பயிற்றை விதையில் பாதிக்கு மேல் ஊசித் துளைகள். தகரத்தின் அடியில் மாவாக உதிர்ந்து கிடந்தது. இரண்டு வண்டுகள் உயிரோடு நடந்துகொண்டிருந்தன. பாகல் விதை பார்வைக்கு நன்றாக இருந்தும், போட்ட எட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் இதைவிட எளிதாகவே செய்தார். பயிற்றை விதையைச் சாம்பலில் பிரட்டி முட்டியில் இட்டு, அடுப்புக்கு மேலிருந்த பரணில் ஏற்றிவிடுவார். பூசணி விதையைச் சாணத்தோடு சேர்த்துக் குசினிச் சுவரில் அப்பிவிடுவார். மழை தொடங்கியதும் எடுத்துப் போட்டால் ஏறக்குறைய எல்லாமே முளைக்கும். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடுமா? இன்னுமொன்று: நானே விதை எடுத்து வளர்த்த கறிமிளகாயைச் சென்ற மாதம் பொரித்தபோது, வீட்டில் ஒருவராலும் வாயில் வைக்க முடியாத அளவுக்கு அது காரமாக இருந்தது. இதற்கும் நான் விதை எடுத்த விதந்தான் காரணமா?


ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் அம்மாவின் முறையில் பிழை தேடவேண்டாம். வைகாசிக்குப் பிறகு இங்கே மழையைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, யாழ்ப்பாணத்தில் சோளகமாக, மழையில்லாத காய்ந்த காற்றாக வீசுகிறது. அந்தக் காற்றில் மாதக்கணக்கில் உலர்ந்து, அடுப்பின் வெக்கையும் புகையும் நாள்தோறும் பட்டுக்கொண்டிருந்த விதையையும், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலுமாரிக்குள் அடைபட்டிருந்த விதையையும் ஒப்பிட முடியாது. உங்கள் தொடர்மாடியில் விறகடுப்பும் இல்லை, பரணும் இல்லை. ஆகவே அந்த இரண்டும் செய்த வேலையை வேறெதனாலாவது செய்விக்க வேண்டும்.

விதை ஓர் உயிர்ப்பொருள் என்பதோடு, அது ஈரத்தை வாங்கவும் விடவும் கூடிய பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கு ஏற்ற அளவில் விதையும் ஈரத்தை வைத்துக்கொள்ளும். கொழும்பில் காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, பெரும்பாலான நாள்களில் 75 முதல் 85 சதவீதம் வரை நிற்கிறது. அந்தக் காற்றில் பயிற்றை விதையை எத்தனை நாள் பரப்பினாலும் அதன் ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கடினம். பகலில் வெயில் இறக்கிய சிறிதளவையும் இரவுக் காற்று திரும்ப ஏற்றிவிடும். நீங்கள் தகரத்துக்குள் போட்டு மூடியது அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான். பூஞ்சணம் பிடிப்பதற்கு அது போதும்.

விதைச் சேமிப்பில் ஹரிங்டன் என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் இரண்டு பருமட்டான விதிகள் உண்டு. ஒன்று: விதையின் ஈரத்தை ஒரு சதவீதம் குறைத்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும்; வைக்கும் இடத்தின் வெப்பநிலையை ஐந்து பாகை செல்சியஸ் குறைத்தாலும் அவ்வாறே இரட்டிக்கும். பரனைட்டில் வெப்பநிலையையும் சதவீதத்தில் சாரீரப்பதனையும் கூட்டினால் வரும் தொகை 100 ஐத் தாண்டக்கூடாது என்பது மற்றது. உங்கள் அலுமாரியில் 30 பாகை செல்சியஸ், அதாவது 86 பரனைட்; அதோடு 80 ஐக் கூட்டினால் 166 வருகிறது. குளிர்சாதனப் பெட்டியில் 5 பாகை, அதாவது 41 பரனைட். உலர்ந்த போத்தலுக்குள் சாரீரப்பதன் 35 என்று வைத்தால் மொத்தம் 76. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஈரமானதே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உலராத விதையைக் கடதாசியில் சுற்றி அங்கே வைப்பதனால் பயன் சொற்பந்தான். முதலில் உலர்த்த வேண்டும். பிறகு காற்றுப் புகாமல் மூட வேண்டும். குளிர் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

உலர்த்துவதற்கு நான் பரிந்துரைப்பது வறுத்த அரிசி. பச்சையரிசியோ குத்தரிசியோ, எதுவானாலும் சரி, வெறும் தாச்சியில் குறைந்த நெருப்பில் அரைமணி நேரத்துக்கும் மேலாக, பொன்னிறத்துக்கு வரும்வரை கிளறிக்கொண்டே வறுங்கள். சூடாக இருக்கும்போதே இறப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலில் கொட்டி மூடி, ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். திறந்துவைத்து ஆறவிட்டால் காற்றின் ஈரத்தை அரிசி அங்கேயே குடித்துவிடும். நிழலில் சில நாள் காய்ந்த விதையைச் சிறு கடதாசி உறைகளில் இட்டு அந்த அரிசிக்குள் புதைத்து, இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். விதையின் எடையைப் போல ஐந்து மடங்கு அரிசி இருந்தால் போதும். ஒரு போகத்தில் நீங்கள் எடுக்கும் மிளகாய் விதை ஒரு தேக்கரண்டிக்கு மேல் வராது என்பதால், ஒரு சிறங்கை அரிசியே அதற்கு அதிகம். அதே அரிசியை மீண்டும் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

சப்பாத்துப் பெட்டிகளிலும் மாத்திரைப் போத்தல்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து அப்படியே போடுபவர்கள் உண்டு. அவை உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே தங்களால் இயன்ற ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் வகையை வாங்கி, நீலம் வெளிர்சிவப்பானதும் சூட்டில் உலர்த்தித் திரும்பப் பாவித்தால் அரிசியைவிட விரைவாக வேலை நடக்கும். ஆயினும் சிக்கனத்தைக் கேட்ட இடத்தில் அரிசியே முதலிடம் பெறுகிறது.

காய்ந்ததா என்று எப்படி அறிவது? பயிற்றை விதையைப் பல்லால் கடித்தால் தடம் விழக்கூடாது. பாகல், பூசணி விதைகள் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். சிறு விதைகளுக்கு உப்புச் சோதனை உண்டு: வறுத்து ஆறிய உப்புத்தூளையும் விதையையும் உலர்ந்த போத்தலில் இட்டுச் சில நிமிடம் குலுக்கினால், விதை ஈரமாக இருக்கும்போது உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வறுக்காத உப்பை மட்டும் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கொழும்புக் குசினிகளில் உப்புச் சாடி தானாகவே கண்ணீர் விடும்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். சீமெந்துத் தளத்திலோ தகரத்திலோ நண்பகலில் ஈர விதையைப் பரப்பினால், அது காய்வதற்கு முன்பே உள்ளே வெந்துவிடும். சுளகில் பரப்பி, நிழலில், மின்விசிறிக் காற்றில் வைப்பதே பாதுகாப்பு. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1988 இல் ஜப்பானிய உதவியுடன் தாவர மரபணு வள நிலையம் அமைக்கப்பட்டது. உலகெங்கும் உள்ள இத்தகைய விதை வங்கிகள், குளிர்ந்த வரண்ட அறைகளில் உலர்த்திய பிறகே விதையைக் குளிரில் வைக்கின்றன. வெயிலை அவர்கள் நம்புவதில்லை.


கறிவேப்பிலை எழுதியது:

அக்கா, ஐயா உலர்த்துவதை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் உங்கள் வண்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவை தகரத்துக்குள் வெளியிலிருந்து வந்தவை அல்ல. பயறு வண்டு செடியில் நிற்கும் காய்ந்த நெற்றின்மீதே முட்டையிடும். புழு துளைத்து விதைக்குள் போய், வளர்ந்து, வண்டாகி வெளியே வரும்போதுதான் அந்த ஊசித் துளை நம் கண்ணில் படுகிறது. வண்டு பிறகு சேமித்த விதையிலேயே முட்டையிட்டுப் பெருகும். விதையின் தோலில் குண்டூசித் தலையிலும் சிறிய வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை.

நான் செய்வது இது. நெற்று காய்ந்து பழுப்பானதும் செடியில் விட்டுவைக்காமல் உடனே பறித்து, உடைத்து, வறுத்த அரிசியில் நன்றாக உலர்த்திய பிறகு, மூடிய போத்தலோடு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்துவிடுவேன். முட்டை, புழு, வண்டு யாவும் இறந்துவிடும். உலராத விதையை உறையவைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி முளையைக் கிழித்துவிடும் என்பதால், இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. வெளியே எடுத்ததும் போத்தலைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஓர் இரவு விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த விதையின்மேல் காற்றின் ஈரம் வியர்வைபோலப் படிந்துவிடும்.

உறைபெட்டி இல்லாதவர்கள் ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுப் பிரட்டலாம். உங்கள் ஒரு பிடி விதைக்கு இரண்டு சொட்டு போதும். அம்மாவின் சாம்பலும் வண்டின் நடமாட்டத்தைத் தடுக்கத்தான் செய்தது. அதுவும் நல்ல முறையே. தொடர்மாடியில் சாம்பலுக்கு எங்கே போவது என்பதே கேள்வி.

என் பெயரைப் பார்த்துவிட்டு யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கறிவேப்பிலை, பலா, மா, ரம்புட்டான் ஆகியவற்றின் விதைகளை இப்படி உலர்த்தினால் செத்துவிடும். அவற்றைப் பழத்திலிருந்து எடுத்த கையோடு மண்ணில் போட வேண்டும்.


சுளகு எழுதியது:

கறிமிளகாய் காரமானதற்கு உங்கள் பச்சை மிளகாய் வாளிதான் காரணம். இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மிளகாய்ப் பூ தானாகக் கருக்கட்டக்கூடியதாக இருந்தாலும், தேனீயும் எறும்பும் ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தாராளமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படிக் கலந்த பூவிலிருந்து வந்த காய் வழக்கமான கறிமிளகாயாகவே இருந்திருக்கும், நீங்களும் சந்தேகப்படாமல் அதிலிருந்து விதை எடுத்திருப்பீர்கள். கலப்பின் காரம் அந்த விதையிலிருந்து முளைத்த அடுத்த தலைமுறைச் செடியில்தான் வெளிப்படும். எனக்கும் இப்படி நடந்து, வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் கறிமிளகாய்ப் பொரியலைக் கடித்துவிட்டு மரியாதைக்காக முழுவதையும் விழுங்கிய காட்சியை நான் மறக்கவில்லை.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. விதைக்கென்று ஒதுக்கும் கிளையில் பூ விரிவதற்கு முன்பே மெல்லிய வலைத்துணிப் பையை மாட்டிக் கட்டிவிடுங்கள். காலையில் கிளையை விரலால் சுண்டினால் மகரந்தம் உள்ளேயே உதிர்ந்து காய் பிடிக்கும். பிஞ்சு தெரிந்ததும் பையைக் கழற்றிவிட்டு, அந்தக் காம்பில் சிவப்பு நூலைக் கட்டுங்கள். நூல் கட்டிய காயை யாரும் பறிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தக்காளிக்கும் பயிற்றங்காய்க்கும் இந்தப் பை அநேகமாக வேண்டியதில்லை. பாகலும் புடலும் ஒன்றோடொன்று கலக்கமாட்டா. ஆனால் பக்கத்து மாடியில் வேறு வகைப் பாகல் இருந்தால் அதனோடு கலக்கும்.

ஐயா சொன்ன உலர்த்தும் முறைகளுக்கு முன்னால் இருக்கும் ஒரு தவறையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் நல்ல காய்களையெல்லாம் கறிக்குப் பறித்துவிட்டு, போகத்தின் கடைசியில் செடி நலிந்து தொங்கும்போது எஞ்சிய சூம்பிய காயை விதைக்கு விடுகிறோம். இரண்டு மூன்று போகம் இப்படியே போனால், நலிந்ததையே நாம் தெரிந்தெடுத்து வளர்த்ததாகிவிடும். நல்ல செடியை முதலிலேயே குறித்து, அதன் நடுப்பருவக் காய்களில் இரண்டை முழுதாகப் பழுக்க விடுங்கள். இலைச் சுருளல், தேமல் நோய் கண்ட செடியிலிருந்து எடுக்கவே வேண்டாம். வாங்கிய பொதியில் எஃப்1 என்றோ கலப்பினம் என்றோ அச்சிட்டிருந்தால் அதன் விதையிலிருந்து வருபவை பலவிதமாகப் பிரியும், எம்.ஐ. 2 மிளகாய், திருநெல்வேலி ஊதாக் கத்தரி போன்ற நிலையான வகைகளோடு தொடங்கினால் இந்த உழைப்பு வீணாகாது. புறக்கோட்டையில் வாங்கும் செத்தல் மிளகாயின் விதையைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தது, எந்த வகை என்று எவருக்கும் தெரியாது, எந்த வெயிலில் காய்ந்தது என்றும் தெரியாது.

தக்காளியைச் சாறோடு பிழிந்து, கொஞ்சம் நீர் விட்டு, கிளாஸில் வையுங்கள். குளிர்நாட்டார் மூன்று நான்கு நாள் என்று எழுதுவார்கள். நம் சூட்டில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். மேலே வெண்படலம் தோன்றி, விதையைச் சுற்றியிருந்த வழுவழுப்புக் கழன்றதும் அலசி எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் கிளாஸுக்குள்ளேயே முளைவிடும். விதை கடதாசியில் ஒட்டிக்கொண்டால் உரிக்கத் தேவையில்லை. காய்ந்த பிறகு கடதாசியோடு வெட்டி அப்படியே மண்ணில் புதைக்கலாம்.

பாகல் முளைக்காததைச் சேமிப்பின் குற்றமாக உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஓடு தடித்தது. புதிய விதைக்குச் சில காலம் உறக்கமும் உண்டு. நகவெட்டியால் கூரிய முனையின் ஓட்டை மட்டும் மெல்ல நறுக்கி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். உள்ளே பருப்பு வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் நம்பிக்கை உண்டு.


கொட்டாஞ்சேனை வாசி எழுதியது:

இதையெல்லாம் படிக்கும்போது, சென்னையிலிருந்து வரும் என் மைத்துனரிடம் நான்கு பொதி விதை சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடுமே என்று எனக்குத் தோன்றியது.


ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

தம்பி, அதைச் செய்யாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வெளிநாட்டிலிருந்து விதையோ கன்றோ கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிமுதல் செய்வது ஒருபுறம் இருக்க, விதையோடு கண்ணுக்குத் தெரியாமல் வரும் நச்சுயிரியும் பக்டீரியாவும் உங்கள் வாளியோடு நின்றுவிடமாட்டா. சக தோட்டக்காரரிடம் கைமாற்றாக ஒரு தேக்கரண்டி விதை வாங்குங்கள். இங்கே பழகிய விதை இங்கேயே நன்றாக வரும்.


வெள்ளவத்தை மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து, செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

பழைய மிளகாய் விதையில் பத்தை எண்ணி, ஈரமான துணிக்கடதாசியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேற்பரப்பில் வைத்தேன். பின்பக்கம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் இடம் அது. பன்னிரண்டாம் நாள் மூன்று முளைத்திருந்தன. மற்ற ஏழும் அழுகிவிட்டன. பாகல் விதையில் நான்கை நகவெட்டியால் நறுக்கினேன். ஒன்றின் பருப்பை அவசரத்தில் நசுக்கிவிட்டேன், மற்ற மூன்றும் முளைத்தன. ஆகவே அவற்றைக் குப்பையில் போடாமல் இருந்தது நல்லதாயிற்று.

புதிய விதைக்கு அரிசி வறுத்தேன். முதற் தடவை தட்டில் கொட்டி ஆறவிட்டதனால் மறுபடியும் வறுக்க நேர்ந்தது. ஐயா எச்சரித்திருந்தும் கை பழக்கத்தில் செய்துவிட்டது. உறைகளுக்கு, பார்மசியில் மாத்திரை போட்டுத் தரும் சிறு கடதாசி உறைகளையே எடுத்தேன். காலை, பகல், இரவு என்று அச்சிட்ட கட்டங்களுக்குப் பக்கத்தில் பயிரின் பெயர், செடியின் இலக்கம், பறித்த திகதி ஆகியவற்றை எழுதிவைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குப் பின் பூசணி விதை ஒன்றை வளைத்தபோது சத்தத்தோடு ஒடிந்தது. முன்பு அது தோல்போல வளைந்து கொடுத்தது. பயிற்றையை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. பத்துக்கு மூன்று முளைக்கும் இந்த மிளகாய் விதையை நன்றாக உலர்த்தி அடுத்த ஆண்டுக்கு வைக்கலாமா? போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைப்பது சரியா?


ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

கதவில் வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அங்கே வெப்பநிலை ஏறி இறங்கும். கீழ்த்தட்டின் பின்புறத்தில் வையுங்கள். தேவையான உறைகளைச் சிறு போத்தல்களாகப் பிரித்து வைத்தால், ஒன்றுக்காக எல்லாவற்றையும் திறக்க நேராது. வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. வெண்டியும் மிளகாயும் இரண்டு ஆண்டுக்குள் விதைப்பது நல்லது. தக்காளி, கத்தரி, பாகல் வகை நான்கு ஆண்டுவரை தாங்கும்.

மிளகாய் விதையை வைத்திருக்க வேண்டாம். உலர்த்தல் இனிவரும் முதுமையைத் தாமதப்படுத்துமேயன்றி, போனதைத் திருப்பித் தராது. எஞ்சியிருப்பது முழுவதையும் இப்போதே, வழக்கத்தைவிட மூன்று மடங்கு நெருக்கமாகத் தூவிவிடுங்கள். நாற்று முதலில் மெதுவாகவே எழும். அது காய்க்கத் தொடங்கியதும் அதிலிருந்து எடுக்கும் விதை புதிய விதைதான். துணிக்கடதாசியில் முளைத்த அந்த மூன்றையும் தனி வாளியில் நட்டு, கறிமிளகாயிலிருந்து தள்ளி மாடியின் மறுகோடியில் வையுங்கள். முதல் மொட்டுத் தெரிந்ததும் சுளகு சொன்ன வலைப்பையைக் கட்டிவிடுங்கள்.